முகமூடிக்கு ஒரு பெயர் இருக்கு!

2013 டிசம்பர். பப்புவா நியூ கினியின் தலைநகர் போர்ட் மோர்ஸ்பி. பார்லிமென்ட் வாசல் நிலைக்கு மேலே வரிசையாக 19 மர முகங்கள். ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு முகம்னு அந்த நாட்டுச் சிற்பிகள் செதுக்கி வைத்தது. ஒருநாள் சபாநாயகர் உத்தரவு போட, அத்தனையையும் பெயர்த்து எடுத்துட்டாங்க. காரணம்? ‘இதெல்லாம் தெய்வத்துக்கு விரோதமான பொம்மைகள்.’ சொன்னவர் வெளிநாட்டுக்காரர் இல்லை பாஸ்... அந்த ஊர்க்காரரேதான்!

நாடே ரெண்டு பட்டது. நாட்டின் முதல் பிரதமர் மைக்கேல் சொமாரே கொதிச்சு எழுந்தார். அவர் செபிக் நதிப் பக்கத்து மனுஷர். 50 கினா நோட்டில் சிரிக்கிறவரும் அவரே. கேஸ் கோர்ட்டுக்குப் போய், 2016-ல் ‘எடுத்தது தப்பு, திரும்ப வை’னு தீர்ப்பு வந்தது.

ஒரு மரத்துண்டுக்கு இவ்வளவு அடிதடியா? அதே மாதிரி ஒரு மரத்துண்டு பாரீஸில் கண்ணாடிப் பெட்டிக்குள்ளே ஸ்பாட்லைட் போட்டு நிக்குது. அதுக்கு ஆயிரக்கணக்கில் யூரோ கொடுக்க க்யூ நிக்குது. அதைச் செதுக்கின கிராமத்திலோ அடுத்த மழைக்காலத்தில் அது கரையானுக்குச் சாப்பாடு. இந்த மூணு விஷயமும் ஒரே முகத்தைப் பற்றியதுதான்னா, அந்த ஊரைப் பார்க்காம விட முடியுமா? என் பாஸ்போர்ட்டில் இன்னும் ஒரு சீல்கூட விழலை. அதனால் இது லைப்ரரி புத்தகங்களும் ஒரு பெரிய மேப்பும் வச்சுக்கிட்டு பண்ற டூர். ஏறிக்குங்க!

முதலில் ரூட். சிங்கப்பூர் வழியா போர்ட் மோர்ஸ்பி. அங்கிருந்து செபிக் போக பஸ் பிடிக்கலாம்னு நினைச்சா, ஸாரி. தலைநகரையும் நாட்டின் பெரும்பாலான மாகாணங்களையும் இணைக்க ரோடே கிடையாது. மறுபடி ஃப்ளைட் ஏறி, வடக்குக் கடற்கரையில் இருக்கும் வேவாக் என்ற ஊரில் இறங்கணும். அங்கே இருந்து மலையேறி இறங்கும் ரோட்டில் பல மணி நேரம் குலுங்கினால் பாக்வி. ரோடு அங்கே முடியும். நதி ஆரம்பிக்கும்.

அதாவது, நமக்கு அங்கே ஆரம்பம். செபிக்கின் மொத்த நீளம் 1,100 கிலோமீட்டருக்கு மேல். நடு மலைகளில் பிறந்து, கொஞ்ச தூரம் இந்தோனேஷியா பக்கம் எட்டிப் பார்த்துட்டு, திரும்பி வந்து பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சு பிஸ்மார்க் கடலில் விழுது. இவ்வளவு பெரிய நதியின் கரையில் ஒரு பெரிய நகரம்கூட கிடையாது. அம்புண்டி, அங்கோரம்னு குட்டி ஊர்கள். மற்றதெல்லாம் கால் ஊன்றி நிற்கும் வீடுகளோடு கிராமங்கள். ஒரே மரத்தைக் குடைஞ்ச நீளமான ஓடம், அதன் முனையில் செதுக்கின முதலைத் தலை, பின்னாடி ஒரு அவுட்போர்டு மோட்டார்... இதுதான் இங்கே டவுன் பஸ்.

மொழிப் பிரச்னைக்குக் கவலை வேண்டாம். 800-க்கும் மேல் மொழிகள் இருக்கிற நாடு. ஆனா எல்லாருக்கும் பொதுவா டோக் பிசின்னு ஒரு கலவை மொழி இருக்கு. ஆஸ்பத்திரின்னா ‘ஹவுஸ் சிக்’. சமையல்கட்டுன்னா ‘ஹவுஸ் குக்’. நம்ம காலேஜ் கேன்டீன் தமிழைவிட சுலபம்! நாம தேடிப் போறது ‘ஹவுஸ் டம்பரான்’. ஆவி வீடு.

கங்கனமான், பாலிம்பே மாதிரி நடு செபிக் கிராமங்களில் வாழ்பவர்கள் இயட்முல் மக்கள். ஊர் நடுவில் ரெண்டு வரிசை மரங்களுக்கு இடையே நீளமா, உயரமா நிற்கும் ஹவுஸ் டம்பரான். கங்கனமானில் இருப்பதை தேசியச் சொத்தாகவே அறிவிச்சிருக்காங்க. கீழ்த்தளம் திறந்த வெளி. ஆண்கள் உட்கார்ந்து பேசும் இடம். மேல்தளம் ரகசியம். புனிதப் பொருட்கள் அங்கேதான். தூண்களில் எல்லாம் முகங்கள். முகப்பில் உச்சியிலும் ஒரு பெரிய முகம் ஊரையே முறைச்சுப் பார்க்கும். சடங்கு முடிக்காத பையன்களுக்கும் பெண்களுக்கும் வழக்கப்படி நோ என்ட்ரி (டூரிஸ்ட் பெண்களை மட்டும் பெரும்பாலும் விட்டுடறாங்களாம்... சொந்தப் பொண்ணுக்கு ஒரு ரூல், டாலருக்கு ஒரு ரூல்!). பையன்கள் உள்ளே போக ஒரு என்ட்ரன்ஸ் எக்ஸாம் உண்டு. முதுகிலும் தோளிலும் மார்பிலும் நூற்றுக்கணக்கில் கீறி, ஆறினதும் முதலைத் தோல் மாதிரி தடிப்பு தடிப்பா நிற்கணும். முதலை அவங்க முன்னோர். இதுக்கு முன்னால் நம்ம செமஸ்டர் எல்லாம் ஜுஜுபி.

இங்கேதான் ‘ம்வாய்’ முகமூடி பிறக்குது. மரத்தில் நீளமா ஒரு முகம். மூக்கு மட்டும் யானைத் துதிக்கை மாதிரி கீழே கீழே நீண்டு, நுனியில் ஒரு பிராணியின் தலையா முடியும். மரத்தின் மேலே களிமண் பூசி, அதில் சோழிகளை வரிசையாகப் பதிச்சு, பன்றிக் கொம்பு செருகி, வர்ணக் கோடு போடுவாங்க. இதை நேராக முகத்தில் மாட்டறதில்லை. பிரம்பில் பின்னின ஒரு பெரிய கூம்புக் கூடையின் முன்பக்கம் கட்டி, கூடை முழுக்க இலையும் பூவுமா மூடி, ஆள் அதுக்குள்ளே புகுந்து ஆடுவார். வெளியே தெரியறது கால் மட்டும். ம்வாய்கள் தனியா வராது. அண்ணன் தம்பி, அக்கா தங்கைன்னு ஜோடி ஜோடியா வரும். ஒவ்வொண்ணுக்கும் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் ஒரு குறிப்பிட்ட குலத்துக்குச் சொந்தம்.

இந்தப் பெயர் விஷயத்தை லேசா எடுத்துக்காதீங்க. 1936-ல் வந்த ‘நாவென்’ என்ற புத்தகத்தில் கிரகரி பேட்சன் என்ற மானுடவியலாளர் இயட்முல் மக்களைப் பற்றி எழுதியிருக்கார். அதில் என்னை அசத்தினது இதுதான்: ஊரின் பெரிய படிப்பாளிகள் 10,000 பெயர்களுக்கு மேல் மனப்பாடமா வச்சிருப்பாங்களாம்! முன்னோர் பெயர், இடத்தின் பெயர், ஓடத்தின் பெயர், முகமூடியின் பெயர்... இன்ன பெயர் இன்ன குலத்துடையதுன்னு ஹவுஸ் டம்பரானில் நாள் கணக்கில் சண்டை நடக்கும். நடுவில் ஒரு செதுக்கின பீடம். பேசறவர் இலைக்கட்டால் அதை அடிச்சு அடிச்சு பாயின்ட் பாயின்ட்டா பேசுவார். நம்ம ஊர் பட்டிமன்றத்துக்கு இலைக்கட்டு கொடுத்தா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க!

ஆக, மரம் உளுத்துப் போனால் புதுசு செதுக்கிக்கலாம். பெயர் இருந்தால் போதும். இதைப் புரிஞ்சுக்காம ஒருத்தர் அந்த ம்வாயை விலைக்கு வாங்கிட்டுப் போனா, அவர் கையில் இருப்பது மரம் மட்டும்.

அப்படி வாங்கிட்டுப் போனவங்க ரொம்பப் பேர். 1884 முதல் 1914 வரை இந்தப் பக்கம் ஜெர்மனி கையில் இருந்தது. செபிக்குக்கே தங்கள் ராணி பேரை வச்சு ‘கைசரின் அகுஸ்தா நதி’ன்னு மேப்பில் எழுதிட்டாங்க. 1909-ல் ஹாம்பர்க்கில் இருந்து ஒரு ஆராய்ச்சிக் கப்பல், 1912-13ல் பெர்லினில் இருந்து ஒரு முழு எக்ஸ்பெடிஷன். இரும்புக் கோடாலி, கத்தி, கண்ணாடி மணி, புகையிலை கொடுத்து பெட்டி பெட்டியா ஏத்தினாங்க. கல்லால் மரம் வெட்டினவனுக்கு இரும்புக் கோடாலி என்பது நமக்கு ஸ்லைடு ரூல் போய் கால்குலேட்டர் வந்த மாதிரி. அவனும் ஏமாளி இல்லை. சந்தோஷமா கொடுத்த பொருளும் உண்டு. துப்பாக்கி நிழலில் கொடுத்த பொருளும் உண்டு. இன்னிக்கு மியூசியத்தின் கண்ணாடிக்கு வெளியே நின்னு பார்க்கிறவருக்கு எது எதுன்னு தெரியாது. அதுதான் சிக்கல்.

இன்னும் குழப்பமான கேஸ் பக்கத்துத் தீவு. நியூ அயர்லாந்துன்னு பேர். அங்கே ஒருத்தர் இறந்தா, மாசக் கணக்கில், சில சமயம் வருஷக் கணக்கில் தயார் பண்ணி, ‘மலங்கன்’ என்ற சடங்கு நடக்கும். அதுக்காகச் செதுக்கும் மரச் சிற்பங்களைப் பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது. மீன் வாயில் பறவை, பறவை வாயில் பாம்பு, நடுவில் ஒரு முகம்... ஒரே கட்டையில் ஜன்னல் ஜன்னலா குடைஞ்சிருப்பாங்க. கண்ணுக்கு, ஒரு கடல் நத்தை தன் வாசலை மூடும் பச்சை மூடி. ஆடறதுக்கு ‘டட்டனுவா’ என்ற தலைக்கவச முகமூடி தனி. அதன் உச்சியில் சேவல் கொண்டை மாதிரி ஒரு முகடு. துக்கத்தில் இருந்த ஆண்கள் அந்தக் காலத்தில் வச்சுக்கிட்ட ஹேர் ஸ்டைல் அது! ரெண்டு பக்கமும் மழிச்சு சுண்ணாம்பு பூசி, நடுவில் மட்டும் முடி. நம்ம பசங்க ‘ஸ்பைக்’ வைக்கிறதுக்கு நூறு வருஷம் முன்னாடி!

இவ்வளவு உழைப்பும் சில நாள் காட்சிக்குத்தான். சடங்கு முடிஞ்சதும் மலங்கனை அப்படியே மழையில் அழுக விட்டுடுவாங்க, அல்லது எரிச்சுடுவாங்க. இறந்தவர் கணக்கு முடிஞ்சது. அந்த டிசைனை மறுபடி செய்யும் உரிமை மட்டும் கைமாறும். பன்றியும் சங்குப் பணமும் கொடுத்து முறைப்படி வாங்கணும். பக்கா காப்பிரைட்! ஃபைல் மட்டும் பேப்பரில் இல்லை, மனசில் இருக்கு. ஐரோப்பியக் கப்பல்காரன் வந்து ‘இந்தக் கட்டையை எனக்குக் கொடு’ன்னு கேட்டப்போ, அழுகப் போறதுக்குப் பதில் விற்கிறதும் ஒரு வழின்னு கொடுத்துட்டாங்க. அதனால்தான் உலக மியூசியங்களில் ஆயிரக்கணக்கில் மலங்கன்கள் இருக்கு. இப்போ சொல்லுங்க, இது திருட்டா? என்னால் ஆமான்னு சொல்ல முடியலை. ஆனா அழுகணும்னு செஞ்ச ஒண்ணை 50 சதவிகித ஈரப்பதத்தில் ஏ.சி. போட்டு நூறு வருஷமா காப்பாத்தி வச்சிருக்காங்களே, அதை நினைச்சா ஒரு மாதிரிதான் இருக்கு.

பாரீஸ் இதில் மயங்கின கதை தனி. சர்ரியலிஸ்ட் கவிஞர்களும் ஓவியர்களும் இந்தத் தீவுகள் மேல் பைத்தியமா இருந்தாங்க. 1929-ல் அவங்க தரப்பில் ஒரு உலக மேப் வெளியாச்சு. அதில் பசிபிக் தீவுகள் பிரம்மாண்டமா இருக்கும். அமெரிக்காவையே காணோம்! அந்தக் கூட்டத்தின் தலைவர் ஆந்த்ரே பிரெத்தோன் வீடு முழுக்க இந்த முகங்களோடுதான் வாழ்ந்தார். அவர் சேர்த்ததெல்லாம் 2003-ல் ஏலத்துக்கு வந்தது. ‘இவர்கிட்ட இருந்தது’ன்னு ஒரு பேப்பர் இருந்தால் விலை பல மடங்கு எகிறும். கவனிங்க, அங்கேயும் பெயர்தான் முக்கியம். ஆனா செதுக்கினவன் பெயர் இல்லை. வாங்கினவன் பெயர்.

கலெக்டர்களில் நம்ம வயசை ஒட்டின ஒருத்தர் மைக்கேல் ராக்ஃபெல்லர். அமெரிக்கக் கோடீஸ்வரக் குடும்பம். ஹார்வர்டில் படிப்பு முடிச்ச கையோடு தீவின் மேற்குப் பாதிக்குப் போனார். இன்னிக்கு இந்தோனேஷியாவில் இருக்கும் அஸ்மத் பகுதி. 1961 நவம்பரில் அவர் படகு கவிழ்ந்தது. கூட இருந்தவர் படகைப் பிடிச்சுக்கிட்டே இருந்து காப்பாற்றப்பட்டார். மைக்கேல் கரைக்கு நீந்திப் போறேன்னு கிளம்பினார். அதன் பிறகு யாரும் பார்க்கலை. வயசு 23. அவர் சேர்த்த பொருட்கள் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் அவர் பெயரிலேயே ஒரு பிரிவாக 1982-ல் திறக்கப்பட்டது. பெரிய ரிப்பேர் வேலைக்குப் பிறகு 2025 மே மாசம் மறுபடி திறந்திருக்காங்க.

சரி, ‘நான் ஒரு பழைய மாஸ்க் வாங்கலாமா?’ன்னு கேட்கிறவங்களுக்கு. பப்புவா நியூ கினியில் 1965-லேயே தேசியக் கலாசாரச் சொத்துப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. பழமையான, புனிதமான பொருளை நாட்டை விட்டு எடுத்துட்டுப் போக முடியாது. சந்தேகம் இருந்தா தேசிய மியூசியத்தில் காட்டி பர்மிட் வாங்கணும். சான் ஃபிரான்சிஸ்கோவின் டி யங் மியூசியம் 2005-ல் புதுக் கட்டடத்தில் ‘ஜோலிகா’ என்ற தனியார் கலெக்‌ஷனைப் பெருமையா காட்சிக்கு வச்சது. கொஞ்ச நாளில், ‘இதில் சிலது எங்க தேசியச் சொத்து’ன்னு பப்புவா நியூ கினியில் இருந்து குரல் வந்தது.

நமக்கு இது புதுசா என்ன? அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜர், கோயிலில் இருந்து திருடு போய், 2008-ல் ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் 50 லட்சம் டாலருக்குப் போய்ச் சேர்ந்தாரே... 2014-ல் திரும்பி வந்தார். அந்த கான்பெரா கட்டடத்திலேயேதான் பப்புவா நியூ கினி முகங்களும் இருக்கு. நடராஜருக்கு பூட்டுப் போட்ட கோயில் இருந்தது, பழைய போட்டோ இருந்தது. அதை வச்சு ‘இது எங்களுது’ன்னு நிரூபிச்சோம். கூரை ஒழுகும் ஒரு ஹவுஸ் டம்பரானில் 1910-ல் யார் போட்டோ எடுத்து வச்சிருப்பாங்க? எடுத்திருந்தால், எடுத்துட்டுப் போனவனேதான் எடுத்திருப்பான்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். மார்க்கெட்டில் ‘ஆன்ட்டிக்’னு விற்கிறதில் பாதி நேற்று செஞ்சது. புகையில் தொங்க விடறது, டீத்தண்ணியில் ஊற வைக்கிறது, ஷூ பாலீஷ் தேய்க்கிறது, கரையான் புற்றுப் பக்கத்தில் புதைச்சு வைக்கிறதுன்னு வயசு ஏத்த ஆயிரம் வழி. கண்டுபிடிக்க முதலில் முகத்தைப் பார்க்காதே, திருப்பிப் பார்! ஆடின முகமூடின்னா உள்பக்கத்தில் தலையோ கூடையோ உரசி வழுவழுப்பு வந்திருக்கும். ஓரத்தில் நார் கட்ட ஓட்டைகள், ஓட்டையிலும் கயிறு இழுத்த தேய்மானம். செதுக்கின தடம் கல் உளியா, இரும்பா? உளி விட்ட தடம் இரும்புன்னா, ‘கப்பல் வர்றதுக்கு முன்னாடி செஞ்சது’ங்கிற கதை அவுட்.

நம்ம டிபார்ட்மென்ட்டுக்கு வருவோம். ‘கார்பன் டேட்டிங் பண்ணினா முடிஞ்சது’ன்னு எல்லாரும் நினைக்கிறோம். 1650-க்குப் பிறகு 1950 வரை அந்த கிராஃப் மேலும் கீழும் ஆடறதால், 1700-ல் செஞ்சதா 1900-ல் செஞ்சதான்னு அது பெரும்பாலும் உறுதியா சொல்லாது. ஆனா 1950-களின் நடுவில் இருந்து அணுகுண்டு சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீர்னு ஏறுச்சு. அதுக்குப் பிறகு வளர்ந்த மரத்தில் அந்த முத்திரை விழுந்திருக்கும். ‘தாத்தா காலத்து மாஸ்க்’னு விற்கிறவன் இதில் வசமா மாட்டுவான். ஹைட்ரஜன் குண்டுக்கு இப்படி ஒரு பார்ட் டைம் வேலை!

இன்னொரு எச்சரிக்கை. பழைய மியூசியங்களில் பூச்சி அரிக்காமல் இருக்க ஆர்சனிக், பாதரச உப்பு, பின்னாளில் டி.டி.டி.ன்னு கண்டதையும் தெளிச்சிருக்காங்க. மியூசியத்தில் இருந்து வெளியே வந்த பழைய முகமூடியை ஆசையா முகத்தில் மாட்டிக்கிட்டு செல்ஃபி எடுத்தா, லைக் வருதோ இல்லையோ, அரிப்பு நிச்சயம்.

என் ஓட்டு புது முகமூடிக்குத்தான். செபிக் கரையில் இன்னிக்கும் செதுக்கறாங்க. படகு வந்து நின்றதும் ஹவுஸ் டம்பரான் முன்னாடி துணி விரிச்சு வரிசையா அடுக்குவாங்க. பக்கத்தில் செதுக்கினவரே உட்கார்ந்திருப்பார். அவர் பெயரைக் கேளுங்க, முகத்தின் பெயரையும் கேளுங்க. அந்தக் காசு பிள்ளை ஸ்கூல் ஃபீஸுக்கும் மோட்டார் பெட்ரோலுக்கும் போகும். ‘டூரிஸ்ட் சரக்கு’ன்னு கலெக்டர்கள் உதட்டைப் பிதுக்குவாங்க. பிதுக்கட்டும். அழுகினதும் புதுசு செய்யறதுதான் அந்த ஊர் வழக்கம்னா, புதுசு எப்படி டூப்ளிகேட் ஆகும்?

செதுக்கறது தொடரணும்னா நதி இருக்கணும். செபிக்கின் கிளை நதி ஃப்ரீடா பக்கத்தில் பெரிய செம்பு, தங்கச் சுரங்கம் தோண்டும் திட்டம் ஒண்ணு வருஷக் கணக்கில் நிழலாடுது. சுரங்கக் கழிவைத் தேக்க மேலே ஒரு அணை. நிலநடுக்கம் வரும் மண்ணில் அந்த அணை உடைஞ்சால்னு கேட்க சிவில் பசங்களாவே இருக்கணும்னு இல்லை. 2020-ல் 28 ஹவுஸ் டம்பரான்கள் சேர்ந்து, வேண்டாம்னு பிரகடனமே போட்டாங்க. இயட்முல் கிராமங்களில் இலைக்கட்டால் பீடத்தை அடிச்சுப் பேசிப் பழகின ஆட்கள். லேசில் விட மாட்டாங்க.

எப்போ போகலாம்? டிசம்பரில் இருந்து ஏப்ரல் வரை மழை, வெள்ளம், கொசு. ஆகஸ்ட்டில் அம்புண்டியில் முதலைத் திருவிழா. ஜூலையில் நியூ பிரிட்டன் தீவில் தேசிய முகமூடித் திருவிழா, 1995-ல் ஆரம்பிச்சது. அதுக்கு முந்தின வருஷம்தான் பக்கத்து ரபவுல் நகரத்தை எரிமலைச் சாம்பல் மூடி, ஊரே கொக்கோபோவுக்கு இடம் மாறியிருந்தது. அதிகாலையில் ஓடத்தில் ஆடிக்கொண்டே கரைக்கு வரும் டோலாய் மக்களின் கூம்பு முகமூடி ‘டுக்டுக்’. ராத்திரியில் பெரிய பெரிய கண்களோடு மரப்பட்டை முகமூடி மாட்டிக்கிட்டு நெருப்புக்குள் குதிக்கும் பைனிங் மக்கள். மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டு ஊரில் இருந்தே எடுத்துட்டுப் போங்க.

மாஸ்க் வாங்கும்போது சொர்க்கப்பறவை இறகு, ஆமை ஓடு ஒட்டினதைத் தவிர்த்துடுங்க. வனவிலங்கு சட்டம், கஸ்டம்ஸில் மாட்டும். வீட்டுக்கு வந்ததும் உள்ளே வண்டு இருந்தால் ராத்திரி மரத்தூள் கொட்டும். அதுக்கு மியூசியங்கள் செய்யறது ஃப்ரீஸர் வைத்தியம். பாலிதீனில் காற்றுப் புகாமல் சுற்றி, மைனஸ் 20 டிகிரி பக்கம் ரெண்டு வாரம். வெளியே எடுத்ததும் பிரிக்காதீங்க, ஒருநாள் அப்படியே விட்டுடுங்க, இல்லைன்னா முகத்தில் வியர்த்துடும். ரெண்டு வாரம் ஃப்ரிட்ஜைத் திறக்கும்போதெல்லாம் ஒரு செபிக் முன்னோர் முறைப்பார்னு அம்மாகிட்ட முன்கூட்டியே சொல்லி வைக்கிறது நல்லது.